அளவுச் சட்டை

திண்டுக்கல்,
16.6.2002

அன்புள்ள மருமகள் ஐரினுக்கு,

செபஸ்தியார் தயவில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால், குடத்தோடு வரிசையில் நிற்கிற உன் அத்தை லூர்து அந்தக் குடத்தாலேயே என்னை அடிப்பாள். ஊரில் அம்புட்டுத் தண்ணீர்ப் பஞ்சம். உன் உடம்புக்கு என்ன, ஏது என்று விவரமாக எழுது.

உன் தங்கச்சி ஜெசிந்தாவுக்குப் பேசி முடித்தாயிற்று. வத்தலக்குண்டுப் பையன். கல்யாணம் வருகிற மே மாதம். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் உங்கம்மா, "மூத்தவ வேண்டாங்கிறா, நான் என்ன கயிறு போட்டா இழுக்க?" என்கிறாள். அக்கா வாயை அடைக்க யாரால் முடியும்? உங்கப்பாவே முடியாமல்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்.

தாய்மாமன் சீராக உங்கள் இரண்டு பேருக்கும் பட்டு எடுக்கவேண்டியது என் கடமை. டைலர் சனாவுல்லாவிடம் இப்போதே சொல்லிவைத்தால்தான் மே மாதத்துக்குள் தருவார். அத்தை உன் அளவு ரவிக்கையை அனுப்பச் சொல்கிறாள். பழையது சேராதாம். போன கிறிஸ்துமஸுக்கு முடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்து நின்றாயே, அப்போதே தோள் அகன்றிருந்ததாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து உன் வீட்டு ஓனர் நம்பருக்குப் போன் போட்டேன். "ஐரின் இருக்காளா?" என்றேன். ஒரு ஆம்பளைக் குரல், "மாமா..." என்றது. அப்புறம் டொக்கென்று வைத்துவிட்டது. வீட்டு ஓனர் என்னை எதற்கு மாமா என்று கூப்பிடவேண்டும்? நான் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். கண்டக்டர் பொய் சொன்னால் விசிலிலேயே கண்டுபிடிக்கிறவன். யாரத்தா அவன்?

எல்லாருக்கும் ஜெபத்தோடு,
உன் மாமா ஆரோக்கியதாஸ்


சென்னை,
7.7.2002

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஜெசிந்தா விஷயம் சந்தோஷம். அளவு ரவிக்கை இப்போது கைவசம் இல்லை. அப்புறம் அனுப்புகிறேன். செபஸ்தியார் திருவிழாவுக்கு வர முடியாது. அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை நெருக்கடி.

போனில் யார் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தொண்டை சரியில்லை. டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். சரியாக நாளாகும் என்கிறார்.

என் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அவசரப்படாதே, ஒரு வருஷமாவது பொறுத்திருந்து பார் என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சம்மதம் கிடைத்தபின் நானே எழுதுகிறேன். அதுவரை தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஐரின்


திண்டுக்கல்,
4.8.2002

அன்புள்ள மருமகள் ஐரினுக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. முத்தழகுபட்டித் திருவிழாச் சாப்பாட்டில் கறி அதிகம், தொட்டுக்க வெஞ்சனம் குறைவு. வயிறு இன்னும் சமாதானம் ஆகவில்லை. உன் தொண்டைக்கு மிளகுப்பால் குடி.

உன் கடிதத்தை உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற வரியை மட்டும் வாசிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து சிலுவை போட்டாள். "டேய், முடியை வெட்டிட்டா. நகை போட மாட்டேங்கிறா. கல்யாணம் வேண்டாங்கிறா. பெரியவங்க சம்மதத்துக்குக் காத்திருக்கா. ஒரு வருசம் பொறுக்கணுமாம். இன்னும் என்னடா அடையாளம் வேணும்? எம்மக மடத்துல சேரப் போறா!" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் கோயிலுக்கு ஓடிவிட்டாள். திருவிழாப் பூசையில் சாமியார், "நம் பங்கிலிருந்து இறையழைத்தல் பெற்ற ஒரு மகளுக்காக" என்று மன்றாடினார். வத்தலக்குண்டுச் சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தில் ஒரு சிஸ்டர் வந்து நின்றால் அவர்கள் தெருவிலேயே அவர்களுக்குத்தான் மரியாதை.

ஆனால் என் மண்டைக்கு இது இறங்கவில்லை. கன்னியர் மடத்தில் சேரப்போகிறவளைப் போனில் கேட்டால் ஆம்பளைக் குரல் எதற்கு?

இதற்கிடையில் ஒட்டன்சத்திரம் தக்காளி வியாபாரி முத்துச்சாமி பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க டைம் கீப்பரே, உங்க அக்காளுக்குப் பையன் இருக்கானுங்களா? கோயம்பேட்டுல பார்த்தனுங்க. அப்படியே நம்ம ஐரின் புள்ளை மூஞ்சிங்க. லேசா மீசை கூட அரும்பியிருக்குதுங்க" என்றார்.

வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. உங்கப்பா லாரி செட்டில் இருந்தபோது அடிக்கடி மெட்ராஸ் போவார். இறந்தவரைச் சந்தேகப்படக் கூடாதுதான். இருந்தாலும் கேட்கிறேன். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பமா? அந்தப் பையன்தான் உன்னோடு இருக்கிறானா? அவன் என்னை மாமா என்றதும் அதனால்தானா?

உண்மையை எழுது. அளவு ரவிக்கையையும் அனுப்பு.

கவலையோடு,
மாமா


சென்னை,
22.9.2002

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். சத்தமாகப் படிக்காதீர்கள்.

அப்பாவுக்கு வேறு குடும்பம் எதுவும் இல்லை. பாவம், அவரை விட்டுவிடுங்கள். போனில் பேசியது நான். கோயம்பேட்டில் முத்துச்சாமி பார்த்ததும் என்னைத்தான்.

நான் பெண்ணாகப் பிறந்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது என்னைப் பற்றிய பேச்சாகவே தோன்றியதில்லை. இங்கே ஒரு மனநல டாக்டரிடம் ஒன்றரை வருஷம் போனேன். அதற்கப்புறம்தான் ஊசி ஆரம்பித்தார்கள். ஆணின் உடம்பில் ஓடுகிற சுரப்பு அது. குரல் உடைந்தது அதனால்தான். இந்த அறையில் இருக்கிற நண்பர்கள் என்னை அமலன் என்று கூப்பிடுகிறார்கள். நானே வைத்துக்கொண்ட பெயர்.

ஜெசிந்தா கல்யாணத்துக்குள் எல்லாம் முடிந்து, அமலனாகவே வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகிறது. ஒரு வருஷம் பொறு என்று சொன்ன பெரியவர்கள் டாக்டர்கள்தான். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியில்லை என்று ஊசியை நிறுத்திவிட்டார்கள். பழைய டாக்டர் வெளிநாடு போய்விட்டார். புது டாக்டர் முதலிலிருந்து ஆரம்பி என்கிறார். மார்பு ஆபரேஷனுக்கு எழுதித்தர வேண்டுமானால் குடும்பத்து ஆள் ஒருத்தர் நேரில் வந்து பேசிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நவம்பர் முதல் வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் வருவீர்களா? உங்களுக்கு எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டின் ஒலிபெருக்கி. ஆனால் என் தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான்.

அன்புடன்,
அமலன் (ஐரின்)


சென்னை,
17.11.2002

மாமா,

நலமா என்று கேட்க இப்போது மனம் இல்லை.

நீங்கள் பதில் போடவில்லை. நவம்பர் முதல் வாரம் டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். "வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள்?" என்றார். "வருவார்கள்" என்றேன். "வந்த பிறகு வா" என்று அனுப்பிவிட்டார்.

அம்மாவிடமிருந்தும் கடிதம் இல்லை. ஜெசிந்தா மட்டும் ஒரு அட்டை போட்டிருக்கிறாள். கடைசி வரியில், "எங்களுக்காக நீ வேண்டிக்கொள்" என்கிறாள். எதற்காக? என்ன சொன்னீர்கள் அவர்களிடம்? எத்தனை பஸ்ஸுக்கு அறிவித்தீர்கள்? சொல்லியிருந்தால் சொல்லிவிட்டேன் என்றாவது எழுதுங்கள். யாரைப் பார்த்தாலும் இவருக்குத் தெரியுமோ என்று நினைத்துக்கொண்டே திரிய முடியவில்லை.

அத்தையின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் மேல்தான்.

அமலன்


திண்டுக்கல்,
1.12.2002

அன்புள்ள

மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மை தீர்ந்துபோகவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அம்புட்டுத்தான். உடம்பைக் கவனித்துக்கொள். கல்லீரலுக்குக் கீழாநெல்லி நல்லது என்கிறார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. செபஸ்தியார்மேல் சத்தியம். என் வாழ்க்கையில் இம்புட்டு நாள் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில், "டைம் கீப்பருக்கு என்ன நோவு? பேச மாட்டேங்கிறாரே" என்று கேட்கிறார்கள். ஜெசிந்தா வேண்டிக்கொள்ளச் சொன்னது உன்னைச் சிஸ்டர் என்று நினைத்து. உங்கம்மா சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறாள். நான் அதை மறுத்துப் பேசவில்லை. வேறு கேள்விகள் வராமல் இருக்க அதுவே நல்ல திரையாக இருக்கிறது.

உன்மேல் சந்தேகம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் உன்னை ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகம். அறையில் இருக்கிறவர்கள் கெடுத்திருப்பார்களோ என்று சந்தேகம். இங்கே ஒரு டாக்டரிடம் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பொம்பளையாப் பிறந்து ஆம்பளையா மாறணும்னு..." என்று மெதுவாக இழுத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, என் தொந்தியைப் பார்த்து, "பயப்படாதீங்க. உங்களுக்கு எத்தனை வருசமா இப்படித் தோணுது?" என்று கேட்டார். வெளியே வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் பழனி பஸ்ஸில் வருகிறவர்கள். என் கதி என்ன என்று யோசித்துப் பார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணம் முடிகிறவரை இதைத் தள்ளிப்போட முடியாதா? ஒரே ஒரு நாள் சேலை கட்டிவிட்டுப் போயேன். நானும் உடனே வர முடியாது. ஐயப்ப சாமிகள் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, லீவு தர மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். தீபாவளியிலிருந்து உன் அத்தை அளவு ரவிக்கை கேட்பதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டால், "அவசரம் இல்லை" என்கிறாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மாமா


சென்னை,
12.1.2003

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த டாக்டர் கதையைப் படித்து அறையில் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதற்கு நன்றி.

தள்ளிப்போடு என்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். டாக்டர் சொல்கிறார், ரத்தம் சொல்கிறது, இப்போது நீங்களும். நான் தள்ளிப்போட்டுத்தான் இருபத்தாறு வயது ஆகியிருக்கிறது. ஊசியை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், பாதி அளவில். மீசை வந்த இடத்திலேயே நிற்கிறது. கண்டக்டர் "சார், டிக்கெட்" என்கிறார். சில்லறையை வாங்கும்போது கையைப் பார்த்துவிட்டு "இந்தாம்மா" என்கிறார். அப்புறம் என்னைவிட அவர் அதிகமாகச் சங்கடப்படுகிறார்.

எனக்குச் சடங்கு வைத்தது நினைவிருக்கிறதா? தட்டு தட்டாகச் சீர் கொண்டுவந்தீர்கள். மாலை போட்டீர்கள். எல்லாரும் என் சேலையைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் குனிந்து, "என்னத்தா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரும் அடிச்சாங்களா?" என்று கேட்டீர்கள். என்ன சொல்வது என்று அப்போது எனக்கே தெரியாது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியது அந்தக் கேள்விக்காகத்தான்.

ஒரே ஒரு நாள் சேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கும் ஒரே ஒரு நாள்தான்.

டாக்டர் பிப்ரவரியில் இன்னொரு தடவை பார்ப்பார். சந்தேகத்தோடு வருவதென்றால் வர வேண்டாம்.

அமலன்


திண்டுக்கல்,
23.2.2003

அன்புள்ள அமலனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இட்லியைக் கட்டிக்கொடுத்த உன் அறை நண்பர்களுக்கு என் நன்றி. கெட்டவர்கள் என்று அவர்களைச் சந்தேகப்பட்டதை வாபஸ் வாங்குகிறேன். சட்னியில் உப்பு அதிகம், அதை வாபஸ் வாங்க முடியாது.

நேரில் சொல்லாததை எழுதுகிறேன். எழும்பூரில் இறங்கியதும் உன்னைத் தேடினேன். நீ கைகாட்டியும் கவனிக்காமல் தாண்டிப் போனதாகச் சொன்னேனே, அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று கூட நினைத்தேன். அப்புறம் நீ என்னைத் தேடி அங்குமிங்கும் நடந்தாய். உங்கப்பா லாரி செட்டில் நடக்கிற அதே நடை. இடது தோளை இறக்கிக்கொண்டு. அவருக்கு இன்னொரு குடும்பம் என்று தப்பாக நினைத்தேனே என்று வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் வெளியே வந்தேன்.

டாக்டர், "நீங்க அப்பாவா?" என்றாரே, "தாய்மாமன்" என்றதும் உதட்டைப் பிதுக்கினாரே, அப்போது எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. நான் சொன்னதை அங்கே நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். இங்கே அதைச் சொல்லிக் காட்ட எனக்கு ஆள் இல்லை, அதனால் இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். "டாக்டரையா, இந்தப் பிள்ளைக்குக் காது குத்தினப்ப மடியில வெச்சிருந்தவன் நான். சீர் செஞ்சவன் நான். கல்யாணமோ சாவோ, எங்க வீட்டுத் துணி வராம இவங்க வீட்டுல எதுவும் நடக்காது. ஒரு கையெழுத்துக்கு எனக்கு உரிமை இல்லையா?" அவர் பேனாவைக் கொடுத்தார். நன்றாகத்தான் பேசினேன், இல்லையா?

ஆனால் கையெழுத்துப் போட்டபின், ரத்தம் இன்னும் சீராக வேண்டும், மழைக்காலத்துக்கு முன் ஆபரேஷன் இல்லை என்று அவர் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். பஸ் தாமதமானால் டிரைவரைத் திட்டுவேன். இதில் யாரைத் திட்டுவது?

ஊருக்கு வந்ததும் உன் அத்தையை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக விஷயத்தை எடுத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "தெரியும். அவன் தீபாவளிக்கு முந்தியே எங்க ஸ்கூல் ஆபீஸ் போன்ல எங்கிட்டச் சொல்லிட்டான்" என்றாள். அவன்! "எங்கிட்ட ஏன்டி சொல்லலை?" என்றேன். "உங்ககிட்ட எப்பச் சொல்லணும்னு அவனே சொன்னான். நீங்களா வந்து பேசற வரைக்கும் பேசாதீங்க அத்தைன்னான்" என்றாள்.

ஏலே, என் வயிறு வெடிக்க நான் காத்துவந்த ரகசியம் என் அடுப்படியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இனி இந்த வீட்டில் யாரை நம்புவது?

அன்போடு,
மாமா


சென்னை,
16.3.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் வந்துபோனபின் அறையே அமைதியாகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அத்தை விஷயத்தில் மன்னியுங்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. அதனால்தான்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆபரேஷன் முடியவில்லை. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மே மாத வெயிலில் நிற்க வேண்டும். முழுசாகவும் இல்லாமல், பழைய மாதிரியும் இல்லாமல், எல்லாரும் உற்றுப் பார்க்க நான் வர வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு வருகிறேன். அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். ஜெசிந்தாவிடம் நானே பேசிவிட்டேன். அழுதாள். அப்புறம், "எனக்காக வேண்டிக்கொண்டாயா இல்லையா?" என்று கேட்டாள்.

அமலன்


திண்டுக்கல்,
21.4.2003

அன்புள்ள மருமகன் அமலனுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா நேற்று நல்லபடியாக முடிந்தது. தவக்காலம் முழுக்கக் கறி சாப்பிடாத பாவத்துக்கு நேற்று ஒரே நாளில் பரிகாரம் செய்துவிட்டேன். உன் ரத்தம் இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னதை எழுது.

உங்கம்மாவிடம் தவக்காலத்தின் நடுவில் சொன்னேன். தவக்காலத்தில் சண்டை போட மாட்டாள் என்று ஒரு கணக்கு. முழுக்கக் கேட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப மடம் இல்லையா?" இல்லை என்றேன். உபவாசத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். பேச்சையும் நிறுத்திவிட்டாள். நான் வீட்டுக்குப் போனால் தட்டை வைக்கிற சத்தம் மட்டும்தான். குருத்து ஞாயிறு வந்தது, பெரிய வெள்ளி வந்தது, வாயே திறக்கவில்லை. அழுதாளா என்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அக்கா கத்தினால் எங்கே போய் ஒளிவது என்று எனக்குத் தெரியும். கத்தாவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது.

சம்பந்தி வீட்டுக்கு ஜெசிந்தாவே சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை சரி என்றாராம். அவருடைய அம்மா, "சிஸ்டர் வருவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்றாராம். அது அவர் கவலை.

நேற்றுப் பூசை முடிந்து வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்தார்கள். கோயில் வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைக்கிற மச்சினன் யார் என்று கேட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு, நான் வழக்கம்போல் முந்திக்கொண்டு, "எம்மவன் போடுவான்" என்றேன்.

உங்கம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "பொண்ணுக்குக் கூடப் பொறந்தது இருக்கையில உம்மவன் எதுக்குடா?" என்றாள். நான் மெதுவாக, "அக்கா, இன்னும் முழுசா முடியலைன்னு வர மாட்டேங்குது" என்றேன். ஆணாகவும் சொல்லாமல் பெண்ணாகவும் சொல்லாமல் அவளைப் போலவே நானும் சொல்லிவைத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உன் அத்தையைப் பார்த்து, "அளவுச் சட்டை ஒண்ணு அனுப்பச் சொல்லு. துணி கனமா எடுங்க, மெல்லிசா இருந்தா உள்ள கட்டினது தெரியும். சனாவுல்லா பாய்கிட்டச் சொல்லி, தையல்ல உள்ளுக்குள்ள நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல்லு. இன்னும் மாறும்னு டாக்டர் சொல்றார்ல? மாற மாறப் பிரிச்சுக்கலாம்" என்றாள். திரும்பவும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒருவேளை சம்பந்தி ஆட்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சொல்கிறாளோ என்று இன்று காலையும் போய்ப் பார்த்தேன். உன் வேட்டிக்குக் கரை என்ன நிறம் என்று கேட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

சட்டையை உடனே அனுப்பு அப்பு. ரவிக்கை மாதிரி இழுத்தடிக்காதே.

உன் தாய்மாமன்,
ஆரோக்கியதாஸ்